கூடுதலாக ஒரு ரூபாய் வந்தால்: பெரியாஸ்பத்திரியா, ஊர் ஆஸ்பத்திரியா, காப்புறுதியா?

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச்செடுத்தால் அது பெரும்பாலும் ஒரே கோரிக்கையில்தான் போய் நிற்கும்: தரமுயர்த்த வேண்டும். பிரதேச வைத்தியசாலையை ஆதார வைத்தியசாலை ஆக்க வேண்டும், ஆதார வைத்தியசாலையை மாவட்டப் பொது வைத்தியசாலை ஆக்க வேண்டும். தேர்தல் மேடையிலும் இதுதான், கோயில் பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டங்களிலும் இதுதான். பெயர்ப்பலகை மாறினால் டொக்டரும் மருந்தும் பின்னாலே வந்துவிடும் என்று சனம் நம்புகிறது. உண்மையில் தரமுயர்த்தியதும் கூடுவது காகிதத்தில் உள்ள ஆளணி மட்டும்தான். அந்த ஆளணிக்குரிய ஆட்கள் வந்து சேர வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஆகவே நான் கேள்வியை வேறு விதமாக வைக்கிறேன். நமது இரண்டு மாவட்டங்களின் சுகாதாரத்துக்கு அரசு கூடுதலாக ஒரு தொகை ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எங்கே போட்டால் ஒரு விவசாயக் குடும்பத்துக்கும் ஒரு மீன்பிடிக் குடும்பத்துக்கும் கூடுதல் நன்மை? பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலா, ஆதார வைத்தியசாலைகளிலா, ஊருக்குள் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளிலா? அல்லது கட்டண வார்ட், காப்புறுதி என்று பாதையையே மாற்றுவதா? வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் இருப்பவர்களும், வெளிநாட்டிலிருந்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் பணம் அனுப்புகிறவர்களும் இதே கேள்வியைச் சின்ன அளவில் ஒவ்வொரு வருடமும் சந்திக்கிறார்கள்.

முதலில் பணம் வரும் வழியைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மாகாண சபைகளைக் கொண்டுவந்த, அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடு சுகாதாரம் இரண்டாகப் பிரிந்தது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறைப் பொது வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஆகியவை நேரடியாக மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருகின்றன. ஏறாவூர், களுவாஞ்சிகுடி, சம்மாந்துறை போன்ற ஆதார வைத்தியசாலைகளும் அவற்றுக்குக் கீழே உள்ள பிரதேச வைத்தியசாலைகளும் மாகாணத்தின் பொறுப்பு. மாகாணத்துக்கான பணத்தை நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்ய, திறைசேரி விடுவிக்கிறது. அதில் பெரும்பங்கு சம்பளத்துக்கே போய்விடும். மிஞ்சுகிற அபிவிருத்திப் பணத்தில்தான் கட்டடம், உபகரணம், திருத்த வேலை எல்லாம் நடக்க வேண்டும்.

இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரின் கீழேயே நிர்வாகம் போகிறது. பெரியாஸ்பத்திரிக்காகப் பேச நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வாகரை, மண்டூர், மகிழடித்தீவு ஆஸ்பத்திரிகளின் பாதீட்டைப் பற்றிக் கேள்வி கேட்பதற்கென்று மக்கள் தெரிவு செய்த சபை ஒன்று இல்லை. சின்ன ஆஸ்பத்திரிகள் பின்தள்ளப்படுவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இன்னொரு உண்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இலங்கையில் வார்ட்டில் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அரச ஆஸ்பத்திரிக்கே போகிறார்கள். வெளிநோயாளர் என்று வந்தால் கிட்டத்தட்டப் பாதிப்பேர் தனியாரிடம் போகிறார்கள். அரசு சுகாதாரத்துக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்துக்கு உள்ளேதான். அந்தச் சிறிய தொகையில் பிரசவம், சத்திரசிகிச்சை, விபத்து எல்லாவற்றையும் அரசு தாங்கிக்கொள்கிறது. ஆனால் மருந்துக்கடை, இரத்தப் பரிசோதனை, மாலையில் காசு கட்டி டொக்டரைச் சனல் பண்ணுவது என்று அன்றாடச் செலவெல்லாம் நம் பொக்கற்றிலிருந்துதான் போகிறது. ஆகவே பெரிய வருத்தம் வந்து வார்ட்டில் கிடப்பவரை அரசு பார்த்துக்கொள்ளும். சின்ன வருத்தத்தோடு மாதா மாதம் அலைகிறவரின் பாரத்தைக் குடும்பமே சுமக்கும்.

பெரியாஸ்பத்திரியின் பக்கத்து நியாயத்தைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் பயில்வது அங்கேதான். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கும் மேல். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்பு, இருதயத்துக்கான சிறப்புச் சிகிச்சை என்பவற்றுக்காக ஒரு குடும்பம் மஹரகமவிலோ கண்டியிலோ அறை எடுத்துத் தங்குவது என்றால் அந்தக் குடும்பத்தின் காணி நகையெல்லாம் கரைந்துவிடும். இப்படிப்பட்ட சேவைகளை ஒவ்வொரு ஊரிலும் வைக்க ஏலாது. ஒரே இடத்தில்தான் வைக்க வேண்டும், அந்த இடம் போதனா வைத்தியசாலைதான்.

ஆனால் இப்போது அங்கே போகிற கூட்டத்தைப் பாருங்கள். கிளினிக் நாளில் விடியற்காலை நம்பர் எடுக்க வந்து நிற்கிறவர்களில் பெரும்பாலானோர் சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் காரர்கள். ஒரு மாதத்து மெட்ஃபோமினும் லோசார்ட்டனும் வாங்குவதற்காக வந்தவர்கள். விசேட வைத்தியர் ஒருவர் அவர்களுக்கு ஒதுக்க முடிவது சில நிமிடங்களே. அங்கே புதிதாக ஒரு மாடி கட்டினால் இந்த வரிசை குறையாது. இன்னும் ஒரு வரிசைக்கு இடம் கிடைக்கும்.

அடுத்தது ஆதார வைத்தியசாலைகள். எனக்கு இவற்றில் முக்கியமாகத் தெரிவது அவசர சிகிச்சைப் பிரிவு. மாரடைப்பு வந்தவருக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் சில மணித்தியாலங்களுக்குள் போட வேண்டும். பக்கவாதம் என்றால் அதே மாதிரி ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்து மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பொத்துவிலிலிருந்தோ வாகரையிலிருந்தோ புறப்படுகிறவருக்கு இந்த மணிக்கணக்கு எவ்வளவு இறுக்கம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை வந்தது பெரிய ஆறுதல். ஆனால் அது கொண்டுபோய்ச் சேர்க்கிற இடத்தில் அந்த ஊசியும், ஈசிஜியைப் பார்த்து முடிவெடுக்கக்கூடிய டொக்டரும் இரவு 2 மணிக்கும் இருக்க வேண்டும்.

கல்முனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே ஒரே நகரில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள்: கல்முனை வடக்கும் அஷ்ரப் ஞாபகார்த்தமும். வெளியூர்க்காரர் இதைப் பார்த்துவிட்டு “இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன?” என்று சுலபமாகக் கேட்டுவிடுவார். கலவரமும் யுத்தமும் நடந்த காலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போகப் பயந்திருந்ததை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் வரலாறு உண்டு, இரண்டும் இருக்கட்டும். ஆனால் விலையுயர்ந்த உபகரணங்களை இரண்டுக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் போட்டி போடுவது இரண்டு சமூகத்துக்கும் நட்டம். ஒன்றில் சிடி ஸ்கேன் என்றால் மற்றதில் வேறொரு சிறப்புப் பிரிவு. நோயாளர் அங்குமிங்கும் போய்வரத் தடையில்லாத ஏற்பாடு. அந்தப் பக்கம் போக யோசிக்கிற வயதானவர்களுக்கு உதவ இரண்டு வாசலிலும் ஆட்கள். இந்த ஏற்பாட்டுக்கு அதிகம் தேவைப்படுவது மனது; பணம் குறைவாகத்தான் போகும்.

இனி ஊர் ஆஸ்பத்திரிக்கு வருவோம். கூடுதல் ரூபாயில் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும் என்பது என் முடிவு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் பெரியம்மா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறார். சீனியும் பிரஷரும் இரண்டும் உண்டு. வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் அவரது கிளினிக் கொப்பி வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில்தான் போட்டது. கிளினிக் நாளன்று காலை பஸ்ஸுக்கு அவர் இருட்டோடு எழும்ப வேண்டும். படுவான்கரையில் இருட்டோடு ரோட்டில் நிற்பது என்றால் யானைப் பயமும் சேர்ந்தது. துணைக்கு மகன் போக வேண்டும், அவனுக்கு அன்றைய கூலி இல்லை. இரத்தப் பரிசோதனை என்றால் வெறும் வயிற்றோடு போக வேண்டும். அந்தக் கொப்பியைப் புரட்டினால் மூன்று நிறப் பேனாவில் எழுதியிருக்கும்: பிரஷர் அளவு, மருந்தின் பெயர், கடைசியில் “வெளியில் எடுக்கவும்” என்று ஒரு வரி. அந்த வரி சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியேற்றினின் பரிசோதனைக்கோ, சீனியைப் பார்க்கும் எச்பிஏ1சி பரிசோதனைக்கோ எழுதப்பட்டிருக்கும். அன்று வீட்டுக்கு வந்தபின் அவர் சொன்னது இதுதான்: “மருந்து சும்மா தாறாங்க மகன். போய்வாறதுக்குத்தான் காசு.” அடுத்த மாதம் அவர் போகவில்லை. மருந்து முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

இப்படி மருந்தை விட்டுவிட்டவர்கள்தான் சில வருடம் கழித்துச் சிறுநீரகம் பழுதாகியோ, கால் புண் அழுகியோ, பக்கவாதம் வந்தோ பெரியாஸ்பத்திரிக் கட்டிலுக்கு வருகிறார்கள். இலங்கையில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்கும் மேல் தொற்றா நோய்களால்தான். ஊர் ஆஸ்பத்திரியில் மாதாந்தம் கொடுக்கும் மாத்திரை மலிவு. இரத்தச் சுத்திகரிப்பு மெஷினில் ஒருவரை வருடக்கணக்கில் வைத்திருப்பது மிகப் பெரிய செலவு. இரண்டையும் கட்டுவது அதே திறைசேரி.

சரி, பக்கத்து ஆஸ்பத்திரியை விட்டுச் சனம் ஏன் தாண்டிப் போகிறது? பெரியாஸ்பத்திரி மோகம் என்று சிலர் பழியை நோயாளி மேல் போடுவார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். மருந்துக்கான வருடாந்த மதிப்பீடு போன வருடம் எவ்வளவு மருந்து போனது என்பதை வைத்தே போடப்படுகிறது. சின்ன ஆஸ்பத்திரியில் பரிசோதனை வசதி இல்லாததால் நோயாளி வருவதில்லை. வராததால் மருந்து குறைவாகப் போகிறது. குறைவாகப் போனதால் அடுத்த வருடத்துக்குக் குறைவாகக் கேட்கப்படுகிறது. பிறகு வந்த ஒரு நோயாளிக்கும் மருந்து இல்லை என்றாகிவிடும், அவரும் போய்விடுவார். இந்தச் சுழியை யாராவது ஓரிடத்தில் வெட்டினால்தான் நிற்கும். மதிப்பீட்டைப் போன வருடத்துப் பாவனையை வைத்துப் போடாமல், அந்தப் பிரதேசத்தில் எத்தனை சீனி நோயாளர், எத்தனை பிரஷர் நோயாளர் இருக்கிறார்கள் என்பதை வைத்துப் போட வேண்டும். அந்தக் கணக்கு எடுக்கக்கூடியதுதான். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கு ஒவ்வொரு கிராமத்தையும் தெரியும்.

இது நடக்கக்கூடியது என்பதற்கு நமது நாடே சாட்சி. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு குடும்பநல மாது என்ற ஏற்பாட்டால் பிரசவங்களில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. பிரசவத்தில் தாய் இறப்பது தெற்காசியாவிலேயே மிகக் குறைந்த அளவில் இருக்கிறது. மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் சான்று கிடைத்ததும் ஊர் ஊராக நடந்த வேலையால்தான். வீட்டுக்குக் கிட்டப் போய்ப் பார்க்கிற முறையை நாம் தாய்க்கும் பிள்ளைக்கும் செய்து காட்டிவிட்டோம். தாத்தாவுக்கும் அம்மம்மாவுக்கும் செய்யவில்லை. 2020 கொரோனா முடக்கத்தின்போது கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவசரத்தில் செய்ய முடிந்ததை அமைதியில் செய்ய ஏலாதா?

அரசாங்கத்தின் கொள்கையிலும் இது எழுதப்பட்டிருக்கிறது. ஓர் ஆதார வைத்தியசாலையைச் சுற்றியுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளை அதோடு ஒரு கொத்தாக இணைத்து, விசேட வைத்தியர் ஒருமுறை பார்த்த நோயாளியைத் தொடர்ந்து ஊர் ஆஸ்பத்திரி கவனிப்பது என்ற திட்டம் 2018இலேயே வந்துவிட்டது. அதே வருடம் ஆரம்ப சுகாதாரத்தை வலுப்படுத்த உலக வங்கி 20 கோடி டொலர் கடனுக்கு இணங்கியது. ஆகவே புதிதாகத் திட்டம் தீட்டத் தேவையில்லை. மருந்தாளர் ஒருவர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர், நிரந்தரமாக ஒரு டொக்டர், அவர்கள் தங்க ஒழுகாத ஒரு விடுதி. படுவான்கரைப் பக்கம் ஒரு டொக்டர் நிலைத்து நிற்காததற்கு விடுதியும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும், இரவு ரோட்டும்தான் காரணம் என்று அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கம் போய்வருவது எவ்வளவோ இலகுவாகிவிட்டது. இனித் தேவை தங்குவதற்கு ஒரு காரணம்.

வெட்டுக் காலத்தில் வயலில் பாம்பு கடித்தவரையும் இங்கே நினைக்க வேண்டும். புடையன் கடித்தால் விஷமுறிவு மருந்து சீக்கிரம் ஏற வேண்டும், அது ஏறும்போது ஒவ்வாமை வந்தால் சமாளிக்கத் தெரிந்த டொக்டர் பக்கத்தில் நிற்க வேண்டும். போகிற வழியில் உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டும் இருந்தால் ஓர் உயிர் தப்பும்.

கட்டண வார்ட் யோசனையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வசதியுள்ளவர் பணம் கட்டட்டும், அந்தப் பணத்தில் ஏழைக்குச் சேவை கூடட்டும் என்பது கேட்க நல்லது. கொழும்பு ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலை 1984இலிருந்து கட்டணம் வாங்கித்தான் நடக்கிறது, அப்படியிருந்தும் திறைசேரியின் பணம் அதற்குப் போகிறது. நமது ஆதார வைத்தியசாலைகளில் குறைவாக இருப்பது ஆட்கள். அதே தாதி, அதே சத்திரசிகிச்சைக் கூடம், அதே மயக்க மருந்து வைத்தியர். அவர்களின் நேரம் காசு கட்டியவரின் பக்கம் சாயும். 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். சனம் வருவது குறைந்தது. 1977இல் அதைக் கைவிட்டார்கள். 25 சதமே தடையாக இருந்த நாடு இது.

காப்புறுதி கொஞ்சம் வேறு கதை. அரச ஊழியர்களுக்கு அக்ரஹார என்ற காப்புறுதி இருக்கிறது, அது அவர்களுக்கு உதவுகிறது. எல்லோருக்கும் அப்படி ஒன்று கொடுத்தால் என்ன என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டைக் காட்டுவார்கள். அங்கே 2009இலிருந்து முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. ஏழைக் குடும்பம் தனியார் ஆஸ்பத்திரியிலும் பெரிய சத்திரசிகிச்சை செய்துகொள்ள முடிகிறது. உண்மைதான். ஆனால் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் அந்த அட்டையை நீட்டப் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. இலங்கையில் அப்படிப்பட்டவை பெரும்பாலும் கொழும்பிலும் அதைச் சுற்றியும்தான். மட்டக்களப்பு நோயாளிக்காகக் கட்டிய காப்புறுதிப் பணம் கொழும்புக்குப் போய்ச் சேரும், இங்கே ஒரு கட்டில்கூட அதிகரிக்காது. மீன்பிடிகாரரிடமும் மேசன் வேலைக்காரரிடமும் மாதாமாதம் சந்தா அறவிடவும் வழியில்லை. அதைவிட முக்கியம், இந்த வகைக் காப்புறுதி கட்டிலுக்குத்தான் பணம் கொடுக்கும். பெரியம்மாவின் மாத மாத்திரைக்கும் பஸ்ஸுக்கும் கொடுக்காது. தமிழ்நாட்டிடம் கற்க வேண்டுமானால் மற்ற இரண்டைக் கற்கலாம்: மருந்து வாங்குவதை ஒழுங்குபடுத்த 1990களில் அமைத்த மருத்துவப் பணிகள் கழகம், சீனி பிரஷர் மருந்தை வீடு தேடிக் கொடுக்க 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். இரண்டும் அரசு தானே நேரடியாகச் செய்கிற வேலைகள்.

ஆகவே என் வரிசை இது. முதலில் ஊர் ஆஸ்பத்திரியின் மருந்து, பரிசோதனை, ஆள். அதோடு சேர்த்தே ஆதார வைத்தியசாலைகளின் அவசரப் பிரிவு. பெரியாஸ்பத்திரிக்கு, கொழும்பு போகாமல் தடுக்கக்கூடிய சிகிச்சைகளுக்கு மட்டும் புதிய பணம். கட்டடத்துக்காகக் கட்டடம் வேண்டாம். புற்றுநோய்க்காரருக்கும் இரத்தச் சுத்திகரிப்புக்காரருக்கும் மட்டும் நான் இந்த வரிசையை மாற்றுவேன், அவர்கள் காத்திருக்க முடியாதவர்கள்.

வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பணத்தில் வாங்கிய மெஷினுக்கு இரசாயனமும் திருத்தகாரரும் வேண்டும். மெஷினை மட்டும் அனுப்பினால் இரசாயனம் தீர்ந்த நாளிலிருந்து அது மூலையில் துணி போர்த்தி நிற்கும். அனுப்புவதற்கு முன் அந்த ஆஸ்பத்திரியின் பொறுப்பு வைத்திய அதிகாரியிடம் மூன்று வருடத்துக்கான இரசாயனச் செலவை யார் கட்டுவது என்று கேளுங்கள். அதற்கு எழுத்தில் பதில் வராவிட்டால் அந்தப் பணத்தை இரத்த மாதிரிகளை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிற ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் அதன் ஓட்டுநருக்கும் கொடுங்கள். ஊரில் இரத்தம் எடுத்து, அங்கே பரிசோதித்து, மறுநாள் ரிப்போர்ட் ஊருக்கே வந்தால் ஒரு கிராமமே வாவியைத் தாண்டுவது மிச்சம்.

அபிவிருத்திக் குழுவில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் ஆஸ்பத்திரியின் இந்த வருட மருந்து மதிப்பீட்டுப் படிவத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். போன வருடத்துத் தொகையில் எந்தெந்த மருந்து எத்தனை மாதத்தில் முடிந்தது என்பதையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரைப் பார்க்கப் போங்கள். தரமுயர்த்தும் மகஜரை அடுத்த தடவைக்கு வைத்திருக்கலாம்.